வடிவங்களால் பாடக் கற்பித்தவர்

‘அமேசிங் கிரேஸ்’ என்னும் ஆங்கிலப் பாடலைக் கேளாத கிறிஸ்தவர் இன்று அரியர். அடக்கச் சடங்குகளிலும் நன்றி வழிபாடுகளிலும், நம் நகரப் பங்குகளின் ஆங்கிலத் திருப்பலிகளிலும்கூட அது ஒலிக்கிறது. அதன் சொற்களை எழுதியவர் யார் என்று கேட்டால், அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து பின்னாளில் ஆங்கிலிக்கன் சபைக் குருவான ஜான் நியூட்டன் என்று பலரும் விடை கூறுவர். அச்சொற்கள் 1779-இல் இங்கிலாந்தில் அச்சேறின. ஆனால் நாம் இன்று பாடும் மெட்டோடு அவை அப்போது இணைந்திருக்கவில்லை. நியூட்டன் 1807-இல் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு நாட்டுப்புறப் பாட்டு வாத்தியார், அந்தச் சொற்களையும் இந்த மெட்டையும் ஒரே பக்கத்தில் இணைத்து அச்சிட்டார். பெற்றோர் வெவ்வேறு ஊரினர். மணம் முடித்து வைத்தவர் இவர். அவர் பெயர் வில்லியம் வாக்கர். அதே பெயருடைய வேறு சிலரும் அவ்வட்டாரத்தில் இருந்தமையால், ஊரார் அவரைப் ‘பாடும் பில்லி’ என்று அழைத்தனர்.

வாக்கர் 1809-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் தென் கரோலினாவின் யூனியன் மாவட்டத்தில் பிறந்தார். பெரிய பள்ளிப்படிப்பு ஏதும் அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய பதினெட்டாம் வயதளவில் குடும்பம் ஸ்பார்ட்டன்பர்க் என்னும் ஊரின் அருகே குடியேறியது. இளமையிலேயே பாப்திஸ்து சபையில் சேர்ந்த அவர், இருபத்தொரு வயதளவில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் அதுவே அவர் தொழிலாயிற்று.

அந்நாளைய அமெரிக்கச் சிற்றூர்களில் ‘பாட்டுப் பள்ளி’ என்று ஒன்று இருந்தது. இது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் போன்ற நிலையான கட்டடம் அன்று. வேளாண் வேலைகள் ஓய்ந்த காலத்தில் வாத்தியார் ஓர் ஊருக்கு வருவார். ஆலயத்திலோ பொது இடத்திலோ சில நாள்களோ சில வாரங்களோ பாடம் நடக்கும். இளைஞரும் முதியவரும் ஆணும் பெண்ணும் கூடுவர். ஊரார் தங்களுக்குள் பணம் திரட்டி வாத்தியாருக்குக் கொடுப்பர். பாடம் முடிந்ததும் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். இந்த ஏற்பாடு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட பகுதியான நியூ இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே ஆலயங்களில் ஒருவர் ஓர் அடியைச் சொல்ல, மற்றவர் அவரவர்க்குத் தோன்றிய இழுப்பில் அதைத் திரும்பப் பாடும் வழக்கம் இருந்தது. அதனால் விளைந்த குழப்பத்தைத் தாளாத போதகர்கள், மக்கள் இசைக்குறியைப் படித்தே பாடட்டும் என்று பாட்டுப் பள்ளிகளை ஊக்குவித்தனர்.

ஆனால் ஐந்து கோடுகளின் மேல் எழுதப்படும் மேனாட்டு இசைக்குறியைப் படிப்பது எளிதன்று. ஒரு புள்ளி எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது அதன் உயரத்தைக் காட்டும். ஆயினும், அந்தப் பாட்டின் ஆதார சுருதி எது என்று கணக்கிட்டு அறிந்தால்தான் அப்புள்ளிக்கு இன்ன சுரப்பெயர் என்று சொல்ல முடியும். எழுத்தறிவே அரைகுறையாக உள்ள உழவருக்கு அந்தக் கணக்கு ஒரு மதில். 1801-இல் பிலடெல்பியாவில் வெளிவந்த ஒரு பாட நூல் இந்த மதிலில் வாயில் திறந்தது. புள்ளிகளின் தலையையே வெவ்வேறு வடிவமாக்கிவிட்டால் என்ன? முக்கோணம் என்றால் ‘ஃபா’. வட்டம் என்றால் ‘சோல்’. சதுரம் என்றால் ‘லா’. சாய்சதுரம் என்றால் ‘மி’. கணக்குத் தெரியாதவனும் வடிவத்தைக் கண்டதும் சுரத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். நாம் ‘ச ரி க ம ப த நி’ என்று ஏழு பெயர் வைத்துப் பாடுவதை, அவர்கள் ‘ஃபா சோல் லா ஃபா சோல் லா மி’ என்று நான்கே பெயரால் பாடினார்கள். எந்தப் பாட்டையும் முதலில் இந்தச் சுரப்பெயர்களாலேயே ஒருமுறை பாடி, பிறகுதான் சொற்களுக்குச் செல்வார்கள். இவ்வழக்கம் அவ்வழி வந்தோரிடையே இன்றும் உண்டு.

இங்கே கத்தோலிக்கராகிய நாம் சற்று நிற்க வேண்டும். அந்தச் சுரப்பெயர்கள் நம் திருவழிபாட்டிலிருந்து பிறந்தவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி அரெட்சோ குயிதோ, பாடகச் சிறுவர்க்குக் கற்பிப்பதற்காக, புனித திருமுழுக்கு யோவான் விழாவின் இலத்தீன் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் ஒவ்வோர் அடியும் முந்தியதைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்கியது. அவ்வடிகளின் முதல் அசைகளே ஊத், ரே, மி, ஃபா, சோல், லா என்னும் பெயர்களாயின. பத்தாண்டுகளாகியும் நிறைவுறாத பாடற்பயிற்சியை ஓரிரு ஆண்டுகளில் தரமுடியும் என்று அவர் நம்பினார். உடன் துறவியரோ பொறாமையுற்றனர். அவர் மடத்தைவிட்டு விலக நேர்ந்தது. பின்னர்த் திருத்தந்தை பத்தொன்பதாம் ஜான் அவரை உரோமைக்கு அழைத்துப் பாராட்டினார். அந்த ஆறு பெயர்களை இங்கிலாந்து மக்கள் காலப்போக்கில் நான்காகச் சுருக்கினர். அவை குடியேறியவர்களோடு கடல் கடந்தன. இவ்வாறு, உரோமைத் திருச்சபையை ஐயத்தோடு நோக்கிய கரோலினாப் பாப்திஸ்து உழவர்கள், தாங்கள் அறியாமலே ஒரு கத்தோலிக்கத் துறவியின் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். சபைகளின் ஒன்றிப்பு முயற்சிக்கு நாள் குறிப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

வாக்கரிடம் மீள்வோம். ஊர் ஊராகச் சென்றவர் கற்பித்ததோடு நிற்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார். திறந்தவெளிக் கூட்டங்களிலும் வீடுகளிலும் மக்கள் வாய்வழியாகப் பாடிவந்த மெட்டுகள் ஏராளம். பல இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளின் கதைப் பாடல்களிலிருந்தும் ஆட்டப் பாடல்களிலிருந்தும் வந்தவை. கள்ளுக்கடையில் பாடிய மெட்டே கர்த்தரின் புகழுக்கும் உதவியது. இவற்றை வாக்கர் எழுதி எடுத்தார். மேலே ஒரு குரலும் கீழே ஒரு குரலும் அமைத்தார். மெட்டை உச்சக் குரலில் வைக்காமல், ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் நடுக்குரலில் வைப்பதே அம்மரபின் முறை. அதனால் மெட்டு தனித்து மேலே மிதப்பதில்லை. கூட்டத்தின் நடுவே புதைந்து நிற்கிறது. மேனாட்டு இசை இலக்கணத்தில் பழகிய காதுக்கு இது கரடுமுரடாகப் படும். கேட்பதற்கான இசை அன்று அது, பாடுவதற்கானது.

இவ்வாறு சேர்ந்த பாடல்களையும் முன்னோர் நூல்களிலிருந்து எடுத்தவற்றையும் தொகுத்து 1835-இல் அவர் வெளியிட்ட நூலே ‘சதர்ன் ஹார்மனி’. ‘தென்னாட்டு இசையிணக்கம்’ என்று நாம் கூறலாம். பெயர் தென்னாடு, அச்சானதோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, நியூ ஹேவன் நகரில். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. 1854 வரை அதன் பதிப்புகள் தொடர்ந்தன. ஆறு இலட்சம் படிகள் விற்றதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. மிகைப்படுத்தல் சற்று இருப்பினும், மளிகைக் கடைகளில் மாவோடும் புகையிலையோடும் சேர்த்து விற்ற பாட்டு நூல் அது என்பதை மறுக்க முடியாது. வாக்கருக்கு அந்நூலில் இருந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமன்று. தம் பெயருக்குப் பின்னால் ‘ஏ. எஸ். எச்.’ என்று எழுதிக்கொண்டார். ‘சதர்ன் ஹார்மனியின் ஆசிரியர்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அவை. பல்கலைக்கழகம் தராத பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டார். பெயருக்குப் பின் எழுத்துகளை அடுக்குவதில் நமக்கு உள்ள ஆசையை அறிந்த நாம், அவரைப் பார்த்து நகைக்க உரிமை உடையவர்கள் அல்லர்.

ஆனால் ‘ஆசிரியர்’ என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். வாக்கரின் மனைவி எமி; எமியின் சகோதரி தர்சாவை மணந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒயிட். ஆக, வாக்கரும் ஒயிட்டும் சகலைகள். ஒயிட்டும் பாட்டு வாத்தியாரே. 1840-களின் தொடக்கத்தில் ஒயிட் குடும்பத்தோடு ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே எலிஷா கிங் என்னும் இளைஞரோடு சேர்ந்து 1844-இல் ‘சேக்ரட் ஹார்ப்’, அதாவது ‘திருயாழ்’ என்னும் நூலை வெளியிட்டார். பின்னாளில் ஒரு கதை எழுந்தது: ‘சதர்ன் ஹார்மனி’யைச் சகலைகள் இருவரும் சேர்ந்தே தொகுத்தனர், அச்சிடுவதற்காக வடக்கே சென்ற வாக்கர், ஒயிட்டின் பெயரை விட்டுவிட்டுத் தம் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார், அன்றுமுதல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது அக்கதை. இது அச்சில் வந்தது 1904-இல். ஒயிட் இறந்து கால் நூற்றாண்டும், வாக்கர் இறந்து அதற்கு மேலும் கழிந்தபின். அதை மெய்ப்பிக்கும் சான்று அவர்கள் காலத்து ஏடுகளில் கிடைக்கவில்லை. ‘சதர்ன் ஹார்மனி’யில் உள்ள பல மெட்டுகள் ‘சேக்ரட் ஹார்ப்’பிலும் இடம்பெற்றன என்பதே கண்ணுக்குத் தெரியும் உண்மை. சான்றில்லாத குற்றத்தை இறந்தவர்மேல் ஏற்ற நாம் ஒருப்படோம். ஆயினும் இக்கதை ஏன் இத்தனை காலம் நிலைத்தது? ஊரார் பொதுவில் பாடியதை ஒருவர் தம் பெயரால் அச்சிடும்போது, விடுபட்ட பெயர்களைப் பற்றிய உறுத்தல் எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

வாக்கரே அதை ஒருவாறு உணர்ந்திருந்தார். வேறு நூலிலோ கையெழுத்துப் படியிலோ காணக் கிடைக்காத மெட்டுகளுக்குத் தாம் குரல்கள் அமைத்ததாகவும், அவற்றுக்குத் தம் பெயரை இட்டதாகவும் முன்னுரையில் மறைக்காமல் எழுதினார். மெட்டைப் படைத்தேன் என்பதற்கும் மெட்டுக்குத் துணைக்குரல் சேர்த்தேன் என்பதற்கும் இடையே உள்ள தூரம் அக்காலத்தில் பெரிதாகக் கருதப்படவில்லை.

விடுபட்ட பெயர்களில் ஒருவகை நம்மை ஆழமாகத் தொடுகிறது. தென் கரோலினா அடிமை முறை வேரோடிய மாநிலம். ‘சதர்ன் ஹார்மனி’ வெளிவருவதற்கு முந்திய ஆண்டான 1834-இல், அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தை அம்மாநிலம் இயற்றியது. ஏழைக்குப் படிக்கும் வழி திறந்த நூலும், ஏழையினும் ஏழைக்கு அவ்வழியை அடைத்த சட்டமும் ஒரே மண்ணில், ஓராண்டு இடைவெளியில் தோன்றின. திறந்தவெளிக் கூட்டங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வேளையில் பாடியதுண்டு. ஒருவர் மெட்டு மற்றவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? ஆனால் நூலில் பெயர் பெறும் வாய்ப்பு ஒரு சாராருக்கே இருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1934-இல், அலபாமா மாநிலத்தின் ஓசார்க் நகரைச் சேர்ந்த ஜட்ஜ் ஜாக்சன் என்னும் கறுப்பினப் பாட்டு வாத்தியார், தம் மக்கள் இயற்றிய பாடல்களைக் கொண்டு இதே நான்கு வடிவங்களில் ஒரு நூல் அச்சிட்டார். ‘ஜட்ஜ்’ என்பது பதவியன்று. பெற்றோர் இட்ட பெயர். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். தம் கைப்பொருளையும் போட்டே அவர் அதைக் கொண்டுவந்தார். அதில் 77 பாடல்கள் இருந்தன. அந்த வட்டாரப் பாடகரான டூவி வில்லியம்சுக்கு 1983-இல் அமெரிக்க நாட்டின் மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. வாக்கர் திறந்த வாயிலுக்குள், அவர் காலத்தில் அனுமதிக்கப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள் தாமாகவே நுழைந்தார்கள்.

வடிவ இசைக்குறிக்கு எதிர்ப்பும் குறைவில்லை. பாஸ்டன் நகரில் லோவல் மேசன் முதலிய கற்றறிந்தோர், ஐரோப்பிய இசை இலக்கணத்துக்கு ஏற்ற ‘திருந்திய’ இசையை ஆலயங்களிலும் பள்ளிகளிலும் பரப்பினர். பள்ளிகளில் இசையைப் பாடமாக்கிய தொண்டு மேசனுக்கு உரியது; அதை நாம் மறுப்பதில்லை. ஆனால் நகரத்தார் பலருக்கு வடிவக் குறிகள் நாட்டுப்புறத்தாரின் அறியாமைக்கு அடையாளமாகவே பட்டன. முக்கோண வடிவான ஒரு தானியத்தின் பெயரைச் சொல்லி அவற்றைக் கேலி செய்தார்கள்.

வாக்கர் பிடிவாதக்காரர் அல்லர். நான்கு வடிவங்களுக்காக நெடுங்காலம் வாதாடியவர், உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1867-இல் வெளியிட்ட ‘கிறிஸ்டியன் ஹார்மனி’ என்னும் நூலில் ஏழு சுரங்களுக்கும் ஏழு வடிவங்கள் அமைத்தார். ஏழு பிள்ளைகளைப் பெற்றவர்கள் நான்கு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு பேரையும் அழைப்பார்களா என்று முன்னுரையில் கேட்டார். ஐம்பத்தெட்டு வயதில், இலட்சக்கணக்கில் விற்ற தம் நூலின் முறையையே கைவிட்டு, மாணவனுக்கு எது எளிது என்று பார்த்து மாறுவது எல்லா ஆசிரியராலும் ஆகிற செயலன்று. நூலாசிரியர் என்ற பெருமையைவிட வாத்தியார் என்ற பொறுப்பு அவரிடம் வலிதாக இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இறைமக்கள் அனைவரும் பாடலில் முழு ஈடுபாட்டோடு பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்று ஆயர்களுக்கும் பங்குக் குருக்களுக்கும் கட்டளையிட்டது. மக்களின் சமயப் பாடல்களை வளர்க்கவும் சொன்னது. அதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். ஆனால் அதே ஏடு குருமடங்களிலும் துறவற இல்லங்களிலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசை கற்பிக்கப்பட வேண்டும் என்றும் கூறியதை அவ்வளவாக நினைப்பதில்லை. பாடுங்கள் என்று மக்களிடம் சொன்னோம், பாடக் கற்றுக்கொடுத்தோமா? முன்பு நம் சிற்றூர்க் கோவில்களில் உபதேசியார் ஒருவர் மாலை வேளையில் சிறுவர்களைக் கூட்டிச் செபத்தோடு பாட்டையும் சொல்லி வைத்தார். அவருக்குப் பெரிய இசைஞானம் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அவரிடம் பயின்ற ஊர் முழுவதும் பாடியது. இன்று பல பங்குகளில் ஒலிபெருக்கியும் மின்னிசைக் கருவியும் உள்ளன. திறமை மிக்க பாடகர் குழுவும் உண்டு. நாம் அமர்ந்து நன்றாகக் கேட்கிறோம்.

‘சேக்ரட் ஹார்ப்’ பாடுவோர் அமரும் முறை இங்கே கருதத்தக்கது. அவர்கள் நான்கு குரலுக்கு நான்கு பக்கமாக, நடுவே வெற்றிடம் விட்டு, ஒருவரையொருவர் நோக்கிச் சதுரமாக அமர்கிறார்கள். பாட்டை நடத்துபவர் நடுவில் நிற்கிறார்; ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் மாறுகிறார்; முறை வரும்போது சிறுவரும் நடத்துவதுண்டு. இசைக்கருவி இல்லை. சுருதியை ஒருவர் தம் குரலாலேயே எடுத்துக் கொடுக்கிறார். எல்லாரும் கையசைத்துத் தாளம் போடுகிறார்கள். கேட்போருக்கென்று முன்வரிசை இல்லை. குரல் இனிமையானதா என்று யாரும் கேட்பதில்லை. நம் திருவழிபாடு இப்படியே ஆகிவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பலிபீடத்தை நோக்கி அமரும் கூட்டத்துக்கு அதற்குரிய ஒழுங்கு உண்டு. ஆனால் பாடத் தெரியாது என்று கூறி வாய்மூடி நிற்பவரை நோக்கி, நான்கு வடிவங்களைக் காட்டி வா என்று அழைத்த ஒரு மரபு இருந்தது.

வாக்கர் ஸ்பார்ட்டன்பர்க்கில் புத்தகக் கடையும் நடத்தினார். 1873-இல் ஞாயிறு பள்ளிச் சிறுவர்களுக்காக ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1875-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் காலமானார். நாற்பத்தேழு ஆண்டுகள் பாப்திஸ்து, நாற்பத்தைந்து ஆண்டுகள் இசை கற்பித்தவர், நான்கு திருஇசை நூல்களின் ஆசிரியர் என்று அவர் கல்லறைக் கல் கூறுகிறது. அந்த ‘ஏ. எஸ். எச்.’ பட்டமும் அதில் மறக்காமல் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1884-இல், கென்டக்கி மாநிலத்தின் பென்டன் என்னும் சிற்றூரில், ஆண்டுக்கொருமுறை மே மாதத்தில் கூடி ‘சதர்ன் ஹார்மனி’யிலிருந்து பாடும் வழக்கம் தொடங்கியது, நூறாண்டுகளைக் கடந்தும் அது தொடர்ந்தது. பழைய படிகள் கிழிந்து அருகிப்போகவே, 1939-இல் அங்குள்ளோர் முயற்சியால் நூல் அப்படியே மறுபதிப்பாயிற்று. அதில் ‘நியூ பிரிட்டன்’ என்ற தலைப்போடு ஒரு சிறு பாடல் உள்ளது. ‘அமேசிங் கிரேஸ்’ மெட்டுக்கு வாக்கர் தந்த பெயர் அது. 1829-இலேயே வேறொரு தொகுப்பில் வேறு பெயர்களோடு அச்சான மெட்டுதான். ஐந்தே சுரங்கள், நம் மோகன இராகத்துக்குரிய அதே ஐந்து. அதை முதலில் பாடிய வாய் உழவன் வாயா, அடிமை வாயா, தாலாட்டிய தாயின் வாயா என்று எவரும் சொல்ல இயலாது. தம் நூலில் எத்தனையோ மெட்டுகளுக்குத் தம் பெயரை எழுதிக்கொண்ட வாக்கர், இந்த ஒன்றின் மேல் எந்தப் பெயரையும் எழுதவில்லை. சொற்கள் எந்தப் பாடல் நூலிலிருந்து எடுக்கப்பட்டன என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. இசையமைத்தவர் பெயருக்குரிய இடம் வெறுமையாக உள்ளது.